பழைய வண்டியின் எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்கிறதா? அடைப்பைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பழைய காரோ ஜீப்போ வேனோ ஏற்றத்தில் முன்போல இழுக்காமல் போனால், பெரும்பாலும் முதல் சந்தேகம் எரிபொருள் பக்கமே திரும்புகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். டீசல் வண்டியாக இருந்தால், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பம்ப்பையும் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஏர் ஃபில்டரை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் மாட்டிவிடுகிறார்கள். காற்றுப் பாதை என்றாலே ஃபில்டர் ஒன்றுதான் என்ற எண்ணம் இதற்குக் காரணம். உண்மையில், ரேடியேட்டர் அருகிலோ ஃபெண்டருக்குள்ளோ இருக்கும் காற்றுவாயில் தொடங்கி இன்லெட் வால்வு வரை, அந்தப் பாதையில் ரப்பர் ஹோஸ்களும் வளைவுகளும் தகட்டு மூடிகளும் பல இருக்கின்றன. அவற்றில் எது அடைத்துக்கொண்டாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒரே குறைதான்: வண்டி இழுக்கவில்லை. ஆகவே, ஊகத்தின் பேரில் உதிரிகளை மாற்றிக்கொண்டே போவதைவிட, வாயிலிருந்து வால்வு வரை இணைப்பு இணைப்பாகப் பார்த்து, உறிஞ்சும் இழுப்பை அளந்து முடிவு செய்வதே செலவு குறைந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

எஞ்சின் விழுங்கும் காற்றின் அளவை நினைத்துப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று, அதாவது சுமார் 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, இதில் மிகச் சிறு பங்கே போதும். அதனால்தான், பாதி அடைபட்ட பாதையுள்ள வண்டிகூட வீட்டு வாசலில் நிற்கும்போது எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் மட்டும் கேட்டுப் பார்த்து, காற்றில் கோளாறு இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதலில், காற்றுக் குறையா வேறு குறையா?

கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால், த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் தகடு) மேற்புறம் காற்றழுத்தம் குறைகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் மேற்பரப்பில் மட்டும் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால், ஜெட் என்ற நுண்துளை வழியாகத் தேவைக்கு மேல் பெட்ரோல் இழுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி படிந்திருக்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும், மைலேஜும் இறங்கும். ஃப்ளோட் அறையின் மூச்சுக்குழாயை ஏர் கிளீனருக்குள்ளேயே வைத்திருக்கும் அமைப்புகளில் இந்த விளைவு குறைவாக இருக்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான கார்களில் நிலைமை வேறு: சென்சார் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலையே விடுவதால், மைலேஜ் அதிகம் மாறாது, முழு வேகத்தில் வலு மட்டும் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனை முடிவும் இதையே காட்டியது. எனவே, "மைலேஜ் சரியாகத்தான் இருக்கிறது, ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கும்" என்ற வாதம் இன்ஜெக்‌ஷன் காருக்குப் பொருந்தாது.

டீசலில் சிந்தனை இன்னும் எளிது. காற்று குறைந்தாலும் பம்ப் தன் பங்கு டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத பகுதி கரும்புகையாக வெளியேறும். இதற்கு நேர்மாறாக, டீசல் ஃபில்டர் அடைத்தால் எரிபொருளே குறைவாகப் போகும். வலு இறங்கும், ஆனால் கரும்புகை வராது. ஆகவே ஏற்றத்தில் வலுக்குறைவும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் காற்றைத் தேடுங்கள். வலுக்குறைவு மட்டும் இருந்து புகை தெளிவாக இருந்தால் டீசல் வரும் வழியைத் தேடுங்கள். இந்த ஒரு வேறுபாடு பல பட்டறைச் செலவுகளைத் தவிர்க்கும். நாசில் கெட்டிருந்தாலும் கரும்புகை வரும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஐடிலிங்கிலேயே எஞ்சின் சீரற்று அடித்துக்கொள்வது வழக்கம்.

இவற்றோடு, அடைப்புக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றை ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்கல். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கடுமையாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்திருந்தாலோ, காலடி விரிப்பு பெடலுக்கு அடியில் மடிந்திருந்தாலோ, த்ராட்டில் முழுவதும் திறக்கவே திறக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரைப் பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் தகடு முழுமையாகத் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எளிய வேலை இது. ஆனாலும் அடிக்கடி தவறவிடப்படுகிறது.

மலைப்பகுதிக்குச் செல்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எந்த எஞ்சினும் அங்கே அந்த அளவுக்கு வலு இழக்கும், டீசலாக இருந்தால் கொஞ்சம் புகைக்கவும் செய்யும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் தானாகச் சரியாகிவிட்டால் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

வாயிலிருந்து ஃபில்டர் வரை

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டிய இடங்களில் ஃபேன், பெல்ட் ஆகியவற்றுக்கு அருகே தொங்கும் துணி, துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் இருக்கக் கூடாது.

காற்றுவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் குளவிக்கூடும் எலி சேர்த்த பஞ்சும் சாதாரணமாகக் கிடைக்கும். காய்ந்த இலை, பறந்து வந்து ஒட்டிய பாலித்தீன் பை, எப்போதோ வேலை செய்தபோது அடைத்து வைத்து மறந்துபோன துணி ஆகியவையும் கிடைக்கும். வாயில் பகுதியைக் கழற்றி வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்; வண்டியிலேயே வைத்து உள்பக்கமாகக் குத்தினால் குப்பை இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

சில பழைய கார்புரேட்டர் கார்களில் ஏர் கிளீனரின் மூக்கில் கோடை, குளிர் என்று இரு நிலைகள் இருக்கும். குளிர் நிலையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எரிந்த புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பக்கத்துச் சூடான காற்று வரும். அந்தத் தகடு துருப்பிடித்து நடுவில் நின்றுவிட்டால் இரண்டு வழியும் பாதி மூடியே இருக்கும். நம் சமவெளியில் அது எப்போதும் கோடை நிலையில்தான் இருக்க வேண்டும்.

ஜீப்பிலும் பெரிய டீசல் வண்டிகளிலும் ஏர் கிளீனர் டப்பாவின் அடியில் ரப்பராலான தூசி வால்வு ஒன்று தொங்கும். இதை விரலால் அழுத்திப் பாருங்கள். உதடுகள் மென்மையாகப் பிரிந்து தூசி கொட்ட வேண்டும். அது சேறால் ஒட்டிக்கொண்டிருந்தால், வெளியே விழ வேண்டிய தூசி முழுவதும் ஃபில்டரில்தான் போய்ச் சேரும். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஃபில்டர்

காகித ஃபில்டரின் வெளிப்புறம் கறுத்திருப்பதை வைத்து மட்டும் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். இருட்டில் அதன் உள்ளே ஒரு பல்பை விட்டுப் பாருங்கள். மடிப்பு முழுவதும் வெளிச்சம் மங்கலாகவேனும் ஊடுருவினால் அது இன்னும் மூச்சுவிடுகிறது என்று பொருள். திட்டுத் திட்டாக இருண்டிருந்தால் அடைத்துவிட்டது. ஊசிமுனை அளவு பளிச்சென்ற புள்ளி ஒன்று தெரிந்தாலும் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள், அப்போதே மாற்ற வேண்டும். எண்ணெயில் ஊறிய ஃபில்டரைத் துடைத்துக் காய வைத்துப் பயனில்லை. ஏன் ஊறியது என்பதே கேள்வி: பிஸ்டன் ரிங் தேய்ந்து, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் ஆவி மிகுந்து, அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். தேங்கிய மழைநீரில் ஓட்டிய வண்டியில் காகிதம் நனைந்து ஊதி, புதிய ஃபில்டர்கூட ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியாக, 30 பிஎஸ்ஐக்கு மிகாமல், முனையைக் காகிதத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். டயர்க் கடைக் கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் நேரடியாக அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். பெட்ரோலிலோ தண்ணீரிலோ காகித ஃபில்டரைக் கழுவுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

பெரிய டப்பாக்களில் வெளி ஃபில்டருக்குள் மெலிதான பாதுகாப்பு ஃபில்டர் இன்னொன்று இருக்கும். வெளி ஃபில்டரை ஒழுங்காக மாற்றிக்கொண்டே வந்து, உள்ளே ஒன்று இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டிருக்கும் வண்டிகள் ஏராளம். புது ஃபில்டர் போட்டும் புகை நிற்கவில்லை என்றால் முதலில் கையை விட்டுத் தேட வேண்டிய இடம் அதுதான். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றும்போது உள் ஃபில்டரை ஒரு முறை மாற்றுவது பொதுவான பழக்கம்.

ஆயில் பாத் வகை (கிண்ணத்தில் உள்ள எண்ணெயில் தூசியைப் பிடிக்கும்) ஏர் கிளீனர் உள்ள பழைய ஜீப்புகளிலும் வேன்களிலும் வேலை வேறு விதமானது. அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பழைய எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்து, கிண்ணத்தையும் மேலே உள்ள கம்பிவலையையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசி, முழுவதும் வடியவிட வேண்டும். இந்த வேலைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவது ஆபத்து. பிறகு உற்பத்தியாளர் சொன்ன தரத்தில் எஞ்சின் ஆயிலைக் கிண்ணத்தில் உள்ள கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். "கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தூசி நன்றாகப் பிடிக்கும்" என்று கோட்டுக்கு மேல் ஊற்றுவது பெருந்தவறு. காற்றுவழி குறுகுவது ஒருபுறமிருக்க, டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பியும் நிற்காமல் சுற்று ஏறிப் பறக்கும் அபாயம் உண்டு. மேலே உள்ள கம்பிவலையைப் பல வண்டிகளில் யாரும் தொட்டதே இல்லை. கிண்ணம் பளபளவென்று இருக்க, வலை தார் போல இறுகியிருக்கும்.

ஃபில்டரைத் தாண்டி: கண்ணுக்குத் தப்பும் அடைப்புகள்

நீண்டகாலம் வெப்பத்தில் கிடந்த ரப்பர் ஹோஸின் உள்படலம் வெளிப்படலத்திலிருந்து பிரிந்து தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுதாகவே இருக்கும். ஐடிலிங்கில் காற்று மெதுவாகப் போகும்போது அந்த நாக்கு ஒதுங்கி நிற்கும். சுற்று ஏறி இழுப்பு கூடியதும் எழுந்து வழியை மூடிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியதும் பழையபடி ஒதுங்கிவிடும். அதனால்தான், சாலையில் மட்டும் வரும், பட்டறையில் வராத கோளாறுகளில் ஹோஸுக்கு முதலிடம் தருகிறேன். இரு முனையையும் கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். மேலும், ஹோஸை மாட்டிய நிலையில் உதவியாளரைச் சுற்றை ஏற்றச் சொல்லி, ஹோஸ் வெளியிலிருந்து உள்வாங்கிச் சப்பையாகிறதா என்றும் கவனியுங்கள். உள்ளே கம்பிச்சுருள் இருக்க வேண்டிய ஹோஸுக்குப் பதிலாகச் சாதாரணத் தண்ணீர்க் குழாயை மாட்டியிருந்தால் அது கட்டாயம் சப்பையாகும்.

கார்புரேட்டரில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு, சூடான எஞ்சினில் செங்குத்தாக முழுவதும் திறந்து நிற்க வேண்டும். கேபிள் இறுகிப் பாதியில் நின்றால், அதுவே அடைப்பு. அதுவே பெட்ரோலையும் கூட்டும். அம்பாசடரில் இருந்த எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இன்னொரு சோதனை உண்டு: உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் மெதுவாகத் தூக்கிவிட்டால், அது எண்ணெய்த் தடையோடு சீராக மேலேறி, விட்டதும் தடையின்றி இறங்கி அடியில் "டக்" என்று அமர வேண்டும். அழுக்குப் படிந்து சிக்கினால் காற்றுக்குத் திறக்க வேண்டிய வழி முழுவதும் திறக்காது. கழற்றித் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போடக் கூடாது.

டர்போ வண்டியில், டர்போவுக்கு முன்னால் அடைப்பு இருந்தாலும் டர்போவுக்குப் பின்னால் ஹோஸ் கிழிந்து காற்று கசிந்தாலும் கரும்புகைதான் வரும். கசிவு என்றால் சுற்று ஏறும்போது சீழ்க்கை ஒலி கேட்கும், இணைப்பைச் சுற்றி எண்ணெயும் தூசியும் ஒட்டிய வளையம் தெரியும். அடைப்பு என்றால் டர்போ தன் உறிஞ்சும் பக்கத்தில் உண்டாகும் மிகுந்த இழுப்பால், எண்ணெயைத் தடுக்கும் தன் சீல் வளையத்தைத் தாண்டி எண்ணெயை இழுத்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் குழாய்க்குள் தள்ளும். அந்த எண்ணெயைக் கண்டதும் டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டிப் பெரும் பணத்தைச் செலவழிப்பதற்குமுன், ஃபில்டரையும் ஹோஸையும் சரிசெய்து, குழாயைத் துடைத்து, மறுபடி எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பதே முறை. ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் அமைப்பு) உள்ள டீசல்களில், எக்ஸாஸ்ட் கரியும் பிரீதர் எண்ணெயும் கலந்து, காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் இன்லெட் மேனிஃபோல்டுக்குள் தடித்த படலமாக இறுகும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அதைச் சுரண்ட வேண்டும். எஞ்சினில் இருக்கும்போதே சுரண்டினால் கட்டி சிலிண்டருக்குள் விழும்.

அளந்து பார்த்தல்

கண்ணால் பார்த்து முடிவு கிடைக்கவில்லையென்றால், சில நூறு ரூபாய்க்குள் நாமே செய்துகொள்ளக்கூடிய தண்ணீர் அளவி போதும். மூன்று மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை எடுத்து, ஒரு மீட்டர் உயரப் பலகையில் இரு கால்களும் மேல்நோக்கி இருக்குமாறு வளைத்துக் கட்டி, பாதி அளவு வண்ணம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைத் திறந்தே விட்டு, மறுமுனையை ஃபில்டருக்குப் பிறகும் த்ராட்டிலுக்கோ டர்போவுக்கோ முன்பும் உள்ள துளையில் காற்றுக் கசியாமல் இணையுங்கள். பல டப்பாக்களில் அடைப்புக் காட்டி (ஃபில்டர் அடைத்ததும் சிவப்புக் காட்டும் சிறு கருவி) பொருத்துவதற்கான துளை திருகு போட்டு மூடப்பட்டிருக்கும். இடையில் ஒரு காலி பாட்டிலை வைத்து அதன் வழியாக இணைத்தால், தவறுதலாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போகாது. இரு கால்களிலும் உள்ள நீர்மட்டத்தின் வேறுபாடே இழுப்பின் அளவு.

எந்த நிலையில் அளப்பது என்பது எஞ்சினைப் பொறுத்தது, இதில்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். டர்போ இல்லாத டீசலில் த்ராட்டில் தகடு இல்லாதபோது, அது இழுக்கும் காற்று சுற்றின் வேகத்தை மட்டுமே பொறுத்தது. எனவே நின்ற நிலையிலேயே அதிகபட்சச் சுற்றுக்கு ஏற்றி அளந்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் முழுவதும் திறந்து, பாரத்தோடு ஓடும்போதுதான் முழுக் காற்றும் போகும். டர்போ டீசலில் பாரம் இருந்தால்தான் பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், வரும். ஆகவே இவ்விரண்டையும் நெரிசலற்ற ஏற்றத்தில், ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, உடன் வருபவர் அளவியைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பெரிய டீசல் எஞ்சின்களின் அடைப்புக் காட்டிகள் பொதுவாக 20 அல்லது 25 அங்குல நீர்மட்ட வேறுபாட்டில் சிவப்புக்கு வரும். 25 அங்குலம் என்பது சுமார் 635 மில்லிமீட்டர். சிறிய கார்களுக்கு இந்த எல்லை பொருந்தாது. அவற்றுக்கு, புதிய ஃபில்டரோடு ஒரு முறை அளந்து அந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொள்வதே நம்பகமானது. புதிய ஃபில்டரோடும் எண் உயரமாகவே இருந்தால், அளவியின் முனையை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றுங்கள். அங்கேயும் எண் குறையவில்லை என்றால் அடைப்பு வாய்ப்பக்கம்; அங்கே குறைந்துவிட்டால் டப்பாவுக்குள்ளோ உள் ஃபில்டரிலோ இருக்கிறது. முனையை டர்போவுக்கோ கார்புரேட்டருக்கோ ஒட்டி வைத்தபோது மட்டும் எண் தாவினால் இடையில் உள்ள ஹோஸ்தான்.

வேக்குவம் கேஜ் வைத்திருக்கும் பெட்ரோல் வண்டிக்காரர்கள் மேனிஃபோல்டிலேயே சோதிக்கலாம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். பாரத்தோடு த்ராட்டிலை முழுவதும் திறந்ததும் முள் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். சில அங்குலம் மேலேயே நின்றால் மேற்புறத்தில் அடைப்பு உண்டு. நின்ற நிலையில் 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது அளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனால், அடைப்பு இன்லெட் பக்கம் இல்லை, சைலன்சர் பக்கம் இருக்கிறது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது எளிய சோதனையாகத் தோன்றலாம். அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் சாலைத் தூசியில் உள்ள மணல் துகள்கள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அராவிவிடும். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் பின்னடித்தால் தீப்பிழம்பைத் தடுத்து நிறுத்துவதும் அதே ஏர் கிளீனர்தான். சந்தேகமிருந்தால் ஒரு புதிய ஃபில்டரை வாங்கி மாட்டிப் பாருங்கள். எஞ்சின் வேலையின் செலவோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. பொருத்தும்போது உயரமும் விட்டமும் சரியாக இருக்கிறதா, மூடியின் கேஸ்கெட் சுற்றிலும் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சில நாள் கழித்து ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி ஒட்டினால் எங்கோ வடிகட்டாத காற்று நுழைகிறது.

அடைப்பு நீங்கிய பிறகு

அடைத்த ஃபில்டரோடு நெடுநாள் ஓடிய வண்டியில், அந்தக் குறையை ஈடுகட்ட யாரேனும் கார்புரேட்டரின் மிக்ஸ்சர் திருகைக் குறைத்திருப்பார்கள். இப்போது காற்று தாராளமாக வரும்போது கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தும்மும். ஆகவே புதிய ஃபில்டர் மாட்டிய நிலையில் ஐடிலிங்கையும் மிக்ஸ்சரையும் புதிதாக வைத்து, கரி படிந்த பிளக்குகளைச் சுத்தம் செய்து, ஓட்டிய பின் அவற்றின் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு சரியான நிறம், வெளுத்த வெண்மை என்றால் பெட்ரோல் போதவில்லை. டீசலில் வலு குறைந்தது என்று பம்ப்பின் அதிகபட்ச டீசல் திருகைக் கூட்டி வைத்திருந்தால், ஃபில்டரை மாற்றியும் புகை முழுவதும் நிற்காது. திருகின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, பம்ப் பட்டறையில் அளவுப்படி திரும்ப வைக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் புதிய ஃபில்டரோடு எடுத்த நீர்மட்ட அளவையும், தேதியையும், கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஏர் கிளீனர் மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வண்டி இழுக்கவில்லை என்று தோன்றும்போது எடுக்கும் அளவை அதனோடு ஒப்பிட்டாலே, கழற்ற வேண்டியது காற்றுப் பக்கமா எரிபொருள் பக்கமா என்பது தெரிந்துவிடும்.